இரவிவர்மா: விற்றவையும் விட்டவையும்

ஊத்துக்கோட்டையின் பழைய வீடுகளில் கூடத்துச் சுவரைச் சற்றே நிமிர்ந்து நோக்குவோர், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு திருமகளையோ கலைமகளையோ காணாமல் திரும்புவது அரிது. தாமரை மேல் நிற்கும் திருமகளுக்கு அருகே யானை மாலை ஏந்தி நிற்கும். பாறை மீது அமர்ந்து வீணை மீட்டும் கலைமகளின் பக்கத்தே மயில் நிற்கும். சுருட்டப்பள்ளிக்கும் பெரியபாளையத்துக்கும் சென்று வரும் அடியார்கள் கடைவீதியில் விரும்பி வாங்கும் சாமி படங்களும் பெரும்பாலும் அவற்றின் வழித்தோன்றல்களே. அவ்வுருவங்களை முதன்முதலில் வரைந்த கையின் பெயர் இரவிவர்மா என்பது சிலருக்குத் தெரியும். தம் படங்களை அவர் எங்ஙனம் காட்சிக்கு வைத்தார், எவரிடம் விற்றார், படியெடுக்கும் உரிமையை எங்ஙனம் கைநழுவ விட்டார் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

நம் வட்டத்தில் கவிஞர்களோடு ஓவியர்களும் இருக்கின்றனர். தம் தொகுப்பைத் தாமே அச்சிட்டுத் தாமே தோளில் சுமந்து விற்ற அன்பர்களும் உள்ளனர். பத்தாம் ஆண்டு மலரில் அந்த ஓவியரின் வாழ்வை இக்கோணத்தில் எழுத முற்பட்டமைக்கு அதுவே காரணம்.

இரவிவர்மா 1848 ஏப்ரல் 29 அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். தாயார் உமையம்பா தம்புராட்டி. தந்தையார் நீலகண்டன் பட்டதிரிப்பாடு. தாய்மாமன் இராஜராஜவர்மா ஓவியம் பயின்றவர். மருமகனின் கைத்திறனைக் கண்டு முதற்பாடம் சொல்லித் தந்தவர் அவரே. 1862இல், பதினான்காம் வயதில், சிறுவனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் சேர்த்தார். பிறப்பாலும், 1866இல் மாவேலிக்கரை பாகீரதியை மணந்த உறவாலும் அரசகுடும்பத்தோடு நெருக்கம் வாய்த்தது. ஏழை ஓவியன் ஒருவனுக்குத் திறவாத வாயில்கள் பல இவருக்குத் தாமே திறந்தன என்பதை மறைத்து எழுதுவது நேர்மையன்று.

ஆனால் ஒரு வாயில் மட்டும் இவருக்கும் திறக்கவில்லை. தைல வண்ணத்தில் தீட்டும் முறை அக்காலத்தில் நம் நாட்டில் மிகச் சிலருக்கே தெரியும். அரண்மனை ஓவியராக விளங்கிய மதுரை இராமசாமி நாயக்கர் அதில் வல்லவர். வண்ணத்தை எதனோடு குழைப்பது, எவ்வரிசையில் பூசுவது, எத்தனை நாள் உலர விடுவது என்னும் நுட்பங்களை அவர் இளைஞருக்குச் சொல்லித் தர மறுத்துவிட்டார். வாழ்க்கை வரலாறு எழுதியோர் பலர் இவரைப் பொறாமைக்காரராகக் காட்டிக் கடந்து விடுகின்றனர். அது முழு நீதியாகத் தோன்றவில்லை. நாயக்கருக்குச் சொத்து அந்த நுட்பமே. பதிவு செய்து காக்கச் சட்டம் இல்லாத நாளில், கைவினைஞன் தன் வித்தையைக் காக்கத் தெரிந்த ஒரே வழி அதை வெளியே சொல்லாதிருத்தல். நம் ஊர்களில் கருமானும் தச்சனும் மருத்துவனும் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்ததும் அதுவே. அதிலும் எதிரே நின்ற மாணவனோ அரசரின் உறவினன். கற்றுக் கொடுத்தால் தம் இடமே பறிபோகும் என்று நாயக்கர் அஞ்சியிருந்தால் அது வீண் அச்சமும் அன்று.

மூடிய கதவில் சிறு கீறல் ஒன்று இருந்தது. நாயக்கரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை, ஆசிரியர் அறியாமல் இரவு வேளைகளில் வந்து இரவிவர்மாவுக்குத் தைல வண்ண நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்தார். 1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரசரை வரையத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. தாம் வரைவதை இளைஞர் அருகிருந்து பார்க்க மட்டும் இசைந்தார். பார்த்ததும், திருட்டுத்தனமாகக் கேட்டதும், தாமே பூசிப் பூசி அழித்துக் கற்றதும் சேர்ந்ததே இரவிவர்மாவின் தைல வண்ணக் கல்வி. ஆறுமுகம் பிள்ளை அதன்பின் என்ன ஆனார் என்பதை இரவிவர்மாவைப் புகழ்ந்து எழுதிய நூல்கள் பொருட்படுத்துவதில்லை. இந்திய ஓவிய வரலாற்றின் ஒரு திருப்பத்துக்கு விளக்கேந்தி நின்ற அத்தமிழரை இங்கேனும் ஒரு வரியில் நினைவுகூர்தல் தகும்.

1870இல் கோழிக்கோட்டில் நீதிபதியாக இருந்த கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோனின் குடும்பத்தை வரைந்து, இரவிவர்மா முதன்முறையாக ஓவியத்துக்கு ஊதியம் பெற்றார். அரண்மனையில் பிறந்த ஒருவர் கூலிக்கு வரைவது அந்நாளில் இயல்பான செயலன்று. சுதந்திர ஓவியராக அவர் வாழத் தொடங்கியதை இந்த ஊதியத்திலிருந்தே கணக்கிடலாம்.

அடுத்து வந்தது சென்னை. 1873இல் சென்னையில் நடைபெற்ற நுண்கலைக் கண்காட்சியில், கூந்தலில் முல்லைச்சரம் சூடும் நாயர் மங்கை ஒருத்தியின் படத்தை வைத்தார். ஆளுநரின் தங்கப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. வியன்னாவில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சியிலும் அப்படம் பரிசு பெற்றது. மறு ஆண்டு ஸ்வரபத் என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணின் படம் மீண்டும் சென்னையில் பதக்கம் வென்றது. 1875-76இல் இந்தியாவுக்கு வருகை தந்த வேல்ஸ் இளவரசருக்குத் திருவிதாங்கூர் அரசர் அதைப் பரிசாக வழங்கினார். 1876இல் சென்னையில் வைக்கப்பட்ட சகுந்தலை மடல் எழுதும் படத்தை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் தாமே விலைக்கு வாங்கினார். சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த மோனியர் வில்லியம்ஸ் தம் நூலின் முகப்புக்கு இரவிவர்மாவின் சகுந்தலையைத் தேர்ந்தது பின்னாளில் நிகழ்ந்தது.

கண்காட்சி அவருக்குச் செய்த உதவியைச் சற்று நின்று நோக்க வேண்டும். அதுகாறும் ஓவியன் ஒரு புரவலனைச் சார்ந்திருந்தான். புரவலன் முகம் சுளித்தால் உலையில் நீர் கொதிக்காது. கண்காட்சியிலோ, பெயர் அறியாத நூற்றுக்கணக்கானோர் முன் படம் தனியே நிற்கிறது. ஓர் ஆளுநர் வாங்கினால் அடுத்த ஊர் அரசர் கடிதம் எழுதுகிறார். அவர் வாங்கினால் திவான் எழுதுகிறார். கிளிமானூருக்கு வந்து குவிந்த கடிதங்களுக்காகவே அங்கே தனி அஞ்சலகம் திறக்கப்பட்டது என்று சொல்வார்கள். அது மிகையாயினும், அஞ்சலும் இருப்புப் பாதையும் இல்லையேல் இரவிவர்மா இல்லை என்பது மிகையன்று.

இத்தொடர்புகளின் அருமை 1880இல் விளங்கியது. ஆயில்யம் திருநாள் காலமானார். அடுத்து அரியணை ஏறிய விசாகம் திருநாளோடு ஓவியருக்கு இணக்கம் இல்லை. பழைய கால ஓவியனாயின் அவன் வாழ்வு அங்கேயே முடிந்திருக்கும். இரவிவர்மாவோ அதே ஆண்டு பூனா கண்காட்சியில் பதக்கம் பெற்றார். சர் டி. மாதவராவ், திருவிதாங்கூரில் திவானாக இருந்து பின் பரோடாவின் திவானாகியிருந்தவர், சீதை நிலத்துள் புகும் படத்தைப் பரோடாவுக்கு வாங்கினார். 1881-82இல் சாயாஜிராவ் கெய்க்வாட் முடிபுனைந்த வேளையில் இரவிவர்மாவும் தம்பி சி. இராஜராஜவர்மாவும் பரோடா சென்று தங்கி வரைந்தனர். அதன்பின் மைசூர் அழைத்தது. தமையனின் ஓவியங்களில் நிலக்காட்சியும் பின்னணியும் தீட்டியதோடு, கடிதம் எழுதுவதும் கணக்குப் பார்ப்பதும் பயணம் ஒழுங்கு செய்வதும் தம்பியின் பொறுப்பு. அவர் ஆங்கிலத்தில் எழுதி வைத்த நாட்குறிப்பு பிற்காலத்தில் நூலாக வெளிவந்துள்ளது. அதைப் படிப்போர்க்கு, ஓர் ஓவியத்தின் பின்னே எத்தனை இரயில் பயணமும் எத்தனை காத்திருப்பும் உள்ளன என்பது தெரியவரும்.

1888இல் கெய்க்வாட் புதிதாக எழுப்பிய லட்சுமி விலாச அரண்மனைக்குப் புராண, இதிகாசக் காட்சிகள் 14 வரைந்து தருமாறு ரூ.50,000 ஊதியத்தில் ஒப்பந்தம் ஏற்பட்டது. அக்காலத்தில் அது பெருந்தொகை. உடையும் அணியும் எவ்வாறு அமைய வேண்டும் என அறிய அண்ணனும் தம்பியும் வடநாடு முழுவதும் சுற்றினர். 1890இல் படங்கள் முடிந்தன. அவற்றை நேரே பரோடாவுக்கு அனுப்பாமல், திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் மக்கள் காணுமாறு வைத்தார் இரவிவர்மா. கூட்டம் திரண்டது. அரண்மனைக் கூடத்துக்குள் அடைபடப் போகும் தெய்வங்களைக் காண எளிய மக்கள் வரிசையில் நின்றனர். விற்றுவிட்ட படத்தையும் ஊருக்குக் காட்டலாம் என்பதும், வாங்க இயலாதவர்க்கும் பார்க்க ஆசை உண்டு என்பதும் அன்று கண்கூடாயின.

அந்த ஆசைக்கு வழி சொன்னவர் மாதவராவே. இரவிவர்மா ஒருவர் கையால் நாட்டின் தேவையை நிறைவு செய்ய இயலாது. தேர்ந்த படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பித் தைல வண்ண அச்சில் படியெடுத்தால் புகழும் பரவும், நாட்டுக்கும் தொண்டாகும் என்னும் கருத்தில் அவர் 1884இல் ஒரு கடிதம் எழுதியிருந்தார். பத்தாண்டுகள் கழித்து அக்கருத்தை ஓவியர் தம் வழியில் நிறைவேற்றினார். ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்கு மாறாக, பம்பாய்ப் புறநகராகிய காட்கோபரில் 1894இல் தாமே கல்லச்சுக்கூடம் நிறுவினார். கோவர்தன்தாஸ் கட்டாவ் மகன்ஜி என்னும் வணிகர் பங்காளி. பொறிகளும் கற்களும் செர்மனியிலிருந்து வந்தன. வல்லுநர்களும் அங்கிருந்தே வந்தனர். முதலில் அச்சான படம் சகுந்தலையின் பிறப்பு.

கல்லச்சு வேலையை அறியாதார்க்கு ஒரு சொல். எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் இயல்பே அதன் அடிப்படை. வழுவழுப்பாகத் தேய்த்த சுண்ணக்கல்லின் மீது கொழுப்பு மையால் உருவை வரைந்து, கல்லை நனைத்து, வண்ணத்தை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் வண்ணம் ஏறும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். இரவிவர்மாவின் படம் ஒன்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள் தேவைப்பட்டன. தாளைக் கல்லுக்குக் கல் இம்மியும் பிசகாமல் பொருத்த வேண்டும். இறுதியில் மெருகெண்ணெய் பூசித் துணிப்பரப்பின் சொரசொரப்பையும் பதித்தால், தைல ஓவியம் போன்ற தோற்றம் வரும். இதில் நாம் கருத வேண்டியது ஒன்று. கல்லின் மீது வரைபவர் இரவிவர்மா அல்லர், அச்சுக்கூடத்தின் சித்திரக்காரர். ஆகவே நம் வீட்டுச் சுவரில் உள்ள திருமகளின் கண்ணும் இதழும் பெயர் தெரியாத ஒருவரின் கை வரைந்தவை.

படங்கள் நாடெங்கும் சென்றன. கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டோர் வீட்டிலும் தெய்வம் வந்து அமர்ந்தது. இரவிவர்மா செய்த செயல்களுள் தலையாயதாக இதனையே அடியேன் கருதுகிறேன். இல்லத்துப் பெண்டிர் அப்படங்களின் மீது சரிகையும் சம்கியும் தைத்துத் தம் கைவேலையையும் சேர்த்தனர். புகழ் இவ்வாறு வளர, அச்சுக்கூடமோ நட்டத்தில் ஓடியது. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவத் தொழிலாளர் ஊரைவிட்டு ஓடினர். பங்காளி விலகினார். கடன் பெருகிற்று. 1899இல் அச்சுக்கூடத்தை லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு மாற்றினர்.

இவற்றோடு போட்டியும் சேர்ந்தது. பூனாவின் சித்ரசாலை, கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோ ஆகிய அச்சகங்கள் 1878 முதலே தெய்வப் படங்களை விற்று வந்தன. அது முறையான போட்டி. இரவிவர்மாவின் உருவங்களையே எடுத்துச் சிறிது மாற்றியும் மாற்றாமலும் அச்சிட்டு விற்றோரும் தோன்றினர். அயல்நாட்டு அச்சகங்களிலிருந்தும் மலிவான படிகள் கப்பலில் வந்திறங்கின. அவரைத் தடுக்கச் சட்டம் எங்கே இருந்தது? 1847இல் இந்தியாவுக்கு இயற்றப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் நூல்களுக்கானது. கவிஞனின் சொல்லுக்கு அது காவல். ஓவியனின் கோட்டுக்குக் காவலன்று. இங்கிலாந்தில் 1862இல் ஓவியங்களைக் காக்கச் சட்டம் வந்தது. அதுவும் குடியேற்ற நாடுகளுக்குச் செல்லாது என்று 1903இல் கனடா நாட்டு வழக்கொன்றில் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஓவியத்தை உள்ளடக்கிய சட்டம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 1914இல். ஓவியர் மறைந்து எட்டாண்டுகள் கழித்து. மதுரை நாயக்கர் தம் வித்தையை ஒளித்துக் காத்தார். வித்தையைத் திறந்து வைத்த இரவிவர்மாவுக்கோ ஒளிக்கவும் வழியில்லை, காக்கவும் வழியில்லை.

புது நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள் அவர் அச்சுக்கூடத்தைத் தம்மிடம் பணியாற்றிய செர்மானிய வல்லுநர் பிரிட்ஸ் ஷ்லைகரிடம் விற்றார். பொறிகளும் கற்களும் மட்டும் கைமாறவில்லை. படங்களை அச்சிடும் உரிமையும் உடன் சென்றது. இங்கேதான் அவரோடு எனக்கு வழக்கு. பொறி தேய்வது; கல் உடைவது. உருவத்தைப் படியெடுக்கும் உரிமையோ தேயாத நிலம் போன்றது. ஒரு குறிப்பிட்ட காலத்துக்கென்றோ, விற்கும் படிகளில் ஒரு பங்கு தமக்கென்றோ வைத்துக் கொண்டிருப்பின் அவர் சந்ததிக்கு அது வயலாக விளைந்திருக்கும். கடன் கழுத்தை நெரிக்கும்போது எவரும் இவ்வளவு எண்ணிப் பார்ப்பதில்லை என்று சிலர் கூறுவர், மெய்தான். ஆயினும் அரசரிடம் ரூ.50,000 பேசி வாங்கத் தெரிந்தவர் அவர். தனிப்படத்தின் விலையை அறிந்த அளவுக்குப் படியின் விலையை அவர் அறியவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

இறுதி ஆண்டுகளை விரைந்து சொல்லிவிடலாம். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பெண்டிர் ஓவியங்கள் 10 அனுப்பிப் பரிசு பெற்றிருந்தார். 1904இல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கிடைத்தது. மைசூர் அரண்மனைக்குப் புராணப் படங்கள் வரைய ஒப்பினார். 1905 தொடக்கத்தில் தம்பி இராஜராஜவர்மா மறைந்தார். வலக்கை முறிந்தது போலாயிற்று. நீரிழிவு நோய் வாட்ட, 1906 அக்டோபர் 2 அன்று தம் 58ஆம் வயதில் இரவிவர்மா கிளிமானூரில் காலமானார்.

மறைந்த மறு ஆண்டே அவர் கலையைக் கடிந்து எழுந்த குரல்களுள் ஆனந்த குமாரசுவாமியின் குரல் குறிப்பிடத்தக்கது. இலங்கைத் தமிழராகிய சர் முத்துக்குமாரசுவாமியின் மகனான அவர், இரவிவர்மாவின் தெய்வங்களை நாடக மேடைப் பாத்திரங்களாகவே கண்டார். இந்திய மரபின் ஆழம் அவற்றில் இல்லை என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் அந்த நாடகச் சாயலே மக்களுக்கு அவற்றை அணுக்கமாக்கியது என்பதும் உண்மை. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898-1976) தம் மாணவர்களுடன் வரைந்த நாட்காட்டித் தெய்வங்களும், அவற்றை அச்சிட்ட சிவகாசியும் இரவிவர்மா வெட்டிய வாய்க்காலில் ஓடிய நீரே.

ஷ்லைகரின் அச்சுக்கூடம் படங்களைத் தொடர்ந்து அச்சிட்டது, விளம்பரங்களுக்கும் தந்தது. சோப்புக்கும் குழந்தை மருந்துக்கும் கண்ணனும் திருமகளும் சாட்சி கூறினர். சுவீடனிலும் சப்பானிலும் செய்த நெருப்புப்பெட்டிகளின் மீதும் அவ்வுருவங்கள் ஒட்டப்பட்டன. தீக்குச்சி தீர்ந்ததும் தெருவில் எறியப்படும் பெட்டியில் தம் சரசுவதியைக் காணும் ஓவியன் என்ன எண்ணுவான் என்பதைக் கவிஞர்களின் கற்பனைக்கு விடுகிறேன்.

நம் அன்பர்களுக்காக இன்றைய நிலையையும் சிறிது கூற வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரோ வரைந்தவரோ முதல் உரிமையாளர். உரிமை அவர் வாழ்நாளுக்கும் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் உண்டு. ஆனால் ஊதியம் தந்து ஒருவர் கேட்டுக் கொண்டதன் பேரில் வரைந்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையேல், கேட்டவரே முதல் உரிமையாளர் ஆகிறார். கடைக்கும் திருமண மண்டபத்துக்கும் வரைந்து தருவோர் இதை அறியாமல் இருத்தல் ஆகாது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும். கால அளவு குறிக்காவிடில் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். உரிமையை விற்ற பின்னும், தம் பெயரைச் சொல்லக் கோரவும், படைப்பைச் சிதைத்துத் தம் மதிப்பைக் கெடுப்பதைத் தடுக்கவும் 57ஆம் பிரிவு இடமளிக்கிறது. மூல ஓவியம் ரூ.10,000க்கு மேல் மறுவிற்பனையாகும்போது முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்கு ஒரு பங்கு பெற வழி செய்யும் 53அ பிரிவும் உண்டு; ஏட்டில் உள்ள அளவுக்கு நாட்டில் அது வழங்கவில்லை. நாயக்கரும் இரவிவர்மாவும் கனவிலும் காணாத காவல்கள் இவை.

மளவ்லி அச்சுக்கூடம் 1972இல் தீக்கிரையாயிற்று. 1979இல் இந்திய அரசு இரவிவர்மாவின் ஓவியங்களைக் கலைச்செல்வங்களாக அறிவித்தது. மூல ஓவியம் எதையும் நாட்டுக்கு வெளியே ஏற்றுமதி செய்ய இயலாது. 2008இல் சென்னைப் பட்டு நிறுவனம் ஒன்று அவருடைய படங்கள் 11ஐ ஒரே சேலையில் நெய்து ஏறத்தாழ ரூ.40 இலட்சம் விலை குறித்தது. அப்படங்களை நெய்வதற்கோ அச்சிடுவதற்கோ கிளிமானூரில் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டிய நிலை அப்போது இல்லை.